மீன் ஏறும் வழி

நுழையும்முன்

அணை மனிதருக்கு நீரைத் தேக்கித் தருகிறது. மீனுக்கோ வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட வழியை மீண்டும் திறப்பது அத்துணை எளிதன்று. கொள்ளிடத்தில் தோற்ற முயற்சியும் கங்கையில் அண்மையில் தொடங்கிய முயற்சியும் அதன் அருமையை உணர்த்துகின்றன.

கலுங்கில் ஒரு காட்சி

மதுரை மாவட்டத்தின் மேற்கோரத்தில் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் எழுமலை. அங்கும் உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும். அப்போது கலுங்கின் கீழே மீன்கள் திரளும். நீர் வரும் திசையை நோக்கியே அவை நீந்தும், கற்சுவரில் மோதி விழும், மீண்டும் எழும்பும். வலையோடு நிற்போருக்கு அது கொண்டாட்டம். மீனுக்கோ அது முட்டையிட இடம் தேடும் பயணம். சில அடி உயரமுள்ள கலுங்கே இவ்வளவு தடையானால், ஆற்றை முழுதும் மறித்து நிற்கும் அணையின் முன் மீன் என்ன செய்யும்?

கடலிலிருந்து வந்த விருந்தாளி

உல்லம் என்னும் மீன் கடலில் வளர்வது. முட்டையிட ஆற்றுக்குள் வருவது. வங்காளத்தில் 'இலிஷ்' என்றும் கோதாவரிக் கரையில் 'புலசா' என்றும் போற்றப்படுவது இதுவே. தென்மேற்குப் பருவமழையில் பெருகும் புதுவெள்ளமே இதற்கு அழைப்பு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் அவ்வாறே உல்லம் கூட்டமாக ஏறியது.

கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டினார். வேளாண்மைக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால், ஏறி வந்த மீன் அணையடியில் தடைபட்டு நின்று வலைக்கு இரையாயிற்று. அணைக்கட்டுகளில் மீன்வழிகள் அமைக்கவேண்டும் என்று பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட அறிக்கையில் வலியுறுத்தினார். கீழணையில் வழிகள் அமைக்கவும்பட்டன. உல்லம் அவற்றை நாடவில்லை.

ஏணி யாருக்கு?

காரணம் மீனின் இயல்பில் இருக்கிறது. மேலைநாடுகளில் பரவிய மீன் ஏணி, சால்மன் மீனை மனத்தில் கொண்டு உருவானது. படிப்படியாக அமைந்த சிறு தொட்டிகளில் நீர் வழிந்திறங்கும். சால்மன் ஒவ்வொரு படியாகத் தாவி ஏறும். உல்லம் தாவும் மீனன்று. கூட்டமாக, ஆழமும் அகலமும் உள்ள ஓட்டத்தில் நீந்துவது. குறுகிய தொட்டி அதற்கு வழியாகத் தோன்றுவதே இல்லை. மேலும், மீன் வலிய நீரோட்டத்தைப் பின்பற்றியே வருகிறது. மதகின் பேரோட்டம் ஓரிடத்திலும் ஏணியின் மெல்லிய வடிகால் வேறிடத்திலும் இருந்தால், மீன் மதகடியிலேயே நின்றுவிடும்.

1934இல் 214 அடி உயர மேட்டூர் அணை எழுந்தபின் நிலைமை மேலும் மாறியது. உல்லத்தை அழைத்த வெள்ளமே நீர்த்தேக்கத்துக்குள் அடங்கியது. காவிரியில் உல்லம் அருகிப்போனதற்கு இதுவே தலையாய காரணம். உலக அளவில் உல்லம் அழியும் நிலையில் இல்லை. காவிரிக்குத்தான் அது அந்நியமாகிவிட்டது.

கடலுக்கே செல்லாத மீனுக்கும் அணை கேடு செய்யும். காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மஷீர் ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. மழைக்காலத்தில் சரளைக்கற்கள் நிறைந்த மேலோடைகளைத் தேடிச் செல்லும் அம்மீன், 2018இல் மிக அருகிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது. மணற்கொள்ளையும் வெடிவைத்துப் பிடிப்பதும் அதன் அழிவுக்குத் துணைசெய்தன என்றாலும், ஆற்றை அணைகள் துண்டாடியது சிறு காரணமன்று.

கங்கையில் திறந்த கதவு

மேற்கு வங்காளத்தின் ஃபராக்கா தடுப்பணை 1975இல் செயற்படத் தொடங்கியது. அதற்குமுன் கங்கையில் அலகாபாத்தைத் தாண்டியும் உல்லம் ஏறியதுண்டு. தடுப்பணையிலேயே மீன்வழி வைத்தும் மேற்பகுதி மீனவர் வலையில் உல்லம் அரிதாயிற்று. 2019இல் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. கப்பல் செல்லும் நீர்ப்பூட்டைப் புதுப்பிக்கும்போது, அதன் கதவுகளை நாள்தோறும் பின்னிரவில் சில மணிநேரம் திறந்து மீனுக்கு வழிவிடுவது என்பது அதன் கருத்து. மீனைத் தாவச் சொல்லாமல், நீந்தும் இயல்புக்கேற்பக் கதவைத் திறக்கும் இம்முறை ஏணியினும் பொருத்தமானது. மேலேறிய மீனும் பொரித்த குஞ்சும் கடலுக்குத் திரும்பவேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது. விலாங்கின் பயணமோ நேரெதிர்: அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்குவது.

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளையே 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினர். அவற்றுள் ஒன்று 210 அடி உயரமானது. ஏறத்தாழ நம் மேட்டூரை ஒத்தது. சால்மன் மேலேறத் தொடங்கியது. ஆனால், அவ்வணைகள் மின்னாக்கத்துக்காக எழுந்தவை. மேட்டூரை நம்பியோ பல இலட்சம் ஏக்கர் நெல்வயல்கள் உள்ளன. அதனை அகற்றுவது பற்றிப் பேசுவது வீண்.

ஆகவே, உயரம் குறைந்த கீழணை போன்ற இடங்களிலிருந்தே தொடங்க இயலும். அங்கும் தடை சுவர் மட்டுமன்று. மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையில் கால்வாய்களுக்குப் பிரிகிறது; கொள்ளிடத்துக்குப் பெரும்பாலும் மிகைநீரே வருகிறது. உல்லம் ஏறவேண்டிய ஆடி மாதத்தில் அந்த ஆறு பல ஆண்டுகளில் மணலாகக் கிடக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் கேட்கும் உழவரிடம் மீனுக்கும் ஒரு பங்கு கேட்பது எங்ஙனம்? எத்தனை நாள், எவ்வளவு நீர் விட்டால் போதும் என்று அளந்து சொல்லும் ஆய்வே அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க முடியும்.