விஞ்ஞானமும் தொழினுட்பமும்: வெளிவேலைக்கான உறுதியான கத்தி ஒன்றைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, வேலி கட்டுதல், விறகு பிளத்தல், முறிந்து வீழ்ந்த கிளைகளை அகற்றுதல், பாத்திகளுக்கு முளை சீவுதல் முதலிய வேலைகளுக்கு எமது வீடுகளில் பாரமான கத்தி ஒன்று பயன்படுகின்றது. இக்கத்தியைக் கடையிலோ கொல்லரிடமோ வாங்கும்போது பெரும்பாலானோர் விலையையும் பளபளப்பையும் மாத்திரமே நோக்குவர். ஆனால் அலகு இடையில் முறிந்தால் அல்லது பிடி கழன்றால் அத்துண்டு எத்திசையிற் பாயும் என்பதை எவராலும் கூற முடியாது. எனவே இது பணத்தைப் பற்றிய விடயம் மட்டுமன்று. கைவிரல்களையும் கண்களையும் பற்றியதாகும்.

அமுக்கம், விசையின் திருப்பம், இயக்கச் சக்தி, கலப்புலோகம், துருப்பிடித்தல் ஆகிய தலைப்புகளை நீங்கள் தனித்தனியே கற்றுள்ளீர்கள். இவ்வைந்தும் ஒரே பொருளில் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதை இப்பாடத்தில் நோக்குவோம். அன்றாடப் பொருளொன்றைத் தந்து, அதில் அடங்கும் விஞ்ஞானத் தத்துவங்களை வினவும் அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கு இது நல்ல பயிற்சியாகும்.

1. கத்தியின் பகுதிகள்

அலகு – வெட்டும் உலோகப் பகுதி.
கூர் விளிம்பு – அலகின் வெட்டும் ஓரம்.
முதுகு – கூர் விளிம்புக்கு எதிரேயுள்ள தடித்த ஓரம்.
வால் – பிடிக்குள் செல்லும் அலகின் தொடர்ச்சி.
பிடி – கையாற் பற்றும் பகுதி.
தறையாணி – பிடியை வாலுடன் இணைக்கும் ஆணி.
உறை – அலகை மூடிவைக்கும் தோல் அல்லது மரக் கூடு.

2. மடிப்புக் கத்தியா, நிலைக்கத்தியா?

மடிப்புக் கத்தியின் அலகு ஓர் அச்சாணியைச் சுற்றித் திரும்பும். அதன் மீது பிரயோகிக்கப்படும் விசை முழுவதும் அச்சில் அமைந்த அச்சிறிய ஆணியாலும் பூட்டாலும் தாங்கப்பட வேண்டும். நிலைக்கத்தியில் அலகும் வாலும் ஒரே உலோகத் துண்டு. இடையில் மூட்டு இல்லை. எனவே அடித்து வெட்டும் வேலைகளுக்கு நிலைக்கத்தியே பொருத்தமானது. மடிப்புக் கத்தி கயிறு அறுத்தல், ஒட்டுக்கிளை சீவுதல் போன்ற இலேசான வேலைகளுக்கு உகந்தது.

நிலைக்கத்திகள் அனைத்தும் உறுதியானவை எனக் கருதலாகாது. சிலவற்றில் வால் பிடியின் அரைவாசி வரைகூடச் செல்வதில்லை. வேறு சிலவற்றில் எலிவால் போல் ஒடுங்கியிருக்கும். பாரமான வேலைக்குப் பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் செல்லும் முழு வாலுடைய கத்தியையே தெரிவு செய்ய வேண்டும். பிடியின் இருபுறத்து மரத்துண்டுகளுக்கிடையே உலோகம் தொடர்ச்சியாகத் தென்பட்டால் அது முழு வால் ஆகும்.

அலகு வாலுடன் சேரும் இடத்தையும் கவனியுங்கள். அவ்விடம் கூரான உள்மூலையாக வெட்டப்பட்டிருப்பின் அடியின்போது தகைப்பு அம்மூலையிலேயே ஒன்றுசேரும். முறிவும் அங்குதான் தொடங்கும். வளைவாக அமைந்திருத்தல் நன்று.

3. கூர்மையும் அமுக்கமும்

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

உதாரணம்: 50 நியூற்றன் விசையுடன் கத்தி ஒன்று மரத்தின் மீது அழுத்தப்படுகின்றது. மரத்தைத் தொடும் கூர் விளிம்பின் நீளம் 50 மில்லிமீற்றர்.

(அ) விளிம்பின் தடிப்பு 0.05 மில்லிமீற்றர் எனின்,
பரப்பளவு = 50 × 0.05 = 2.5 சதுர மில்லிமீற்றர் = 0.0000025 சதுர மீற்றர்
அமுக்கம் = 50 ÷ 0.0000025 = 20 000 000 பஸ்கால்

(ஆ) விளிம்பு மழுங்கித் தடிப்பு 0.5 மில்லிமீற்றர் ஆகுமெனின்,
பரப்பளவு = 25 சதுர மில்லிமீற்றர்
அமுக்கம் = 2 000 000 பஸ்கால்

அதாவது அமுக்கம் பத்திலொரு பங்காகக் குறைகின்றது. அதே அமுக்கத்தைப் பெறுவதற்குப் பத்து மடங்கு விசை தேவை. மழுங்கிய கத்தி ஆபத்துக் குறைந்தது எனப் பலர் எண்ணுவர், இது தவறாகும். விசையைக் கூட்டி அழுத்தும்போது கத்தி வழுக்கினால் அவ்விசை முழுவதும் கையை நோக்கித் திரும்பக்கூடும்.

அப்படியாயின் எல்லாக் கத்திகளையும் சவர அலகு போல் தீட்டலாமா? கத்தி ஓர் ஆப்பு ஆகும். ஆப்பின் கோணம் சிறிதாயின் அது எளிதில் உட்புகும். ஆனால் அதன் விளிம்பில் உலோகம் குறைவாக இருப்பதால் கணுவில் பட்டதும் சிதையும். சமையற் கத்தியின் விளிம்பை ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரையிலும், வெளிவேலைக் கத்தியின் விளிம்பை ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 25 பாகை வரையிலும் தீட்டுவது இதனாலாகும்.

4. பாரம் கூடினால் நல்லதா?

இயக்கச் சக்தி = ½ × திணிவு × கதியின் வர்க்கம்

0.5 கிலோகிராம் திணிவுடைய கத்தியைச் செக்கனுக்கு 8 மீற்றர் கதியில் வீசினால்,
இயக்கச் சக்தி = ½ × 0.5 × 64 = 16 யூல்

0.3 கிலோகிராம் கத்தியைச் செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் வீசினால்,
இயக்கச் சக்தி = ½ × 0.3 × 100 = 15 யூல்

பாரம் குறைந்த கத்தியைச் சற்று விரைவாக வீசினால் ஏறத்தாழ அதே சக்தி கிடைப்பதைக் காண்க. பாரம் கூடிய கத்தியோ ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மணிக்கட்டைக் களைப்படையச் செய்யும். 0.5 கிலோகிராம் கத்தியின் நிறை ஏறத்தாழ 5 நியூற்றன். அதன் புவியீர்ப்பு மையம் கையிலிருந்து 0.15 மீற்றர் தூரத்தில் இருப்பின், கத்தி கிடையாக உள்ளபோது மணிக்கட்டு 5 × 0.15 = 0.75 நியூற்றன் மீற்றர் திருப்பத்தைத் தாங்க வேண்டும். களைத்த கை குறி தவறும். எனவே உங்கள் கைக்கு ஏற்ற பாரமே சரியான பாரம்.

பொதுவான வெளிவேலைக்கு அலகின் நீளம் 12 முதல் 20 சென்ரிமீற்றர் வரையும் முதுகின் தடிப்பு 4 முதல் 6 மில்லிமீற்றர் வரையும் இருத்தல் போதுமானது.

5. எந்த உருக்கு?

இரும்புடன் சிறிதளவு காபன் சேர்வதால் உருக்கு உண்டாகின்றது. காபன் கூடும்போது வன்மை கூடும். அதேவேளை நொருங்குமியல்பும் கூடும். கத்திக்கு வன்மை, அடி தாங்கும் தன்மை ஆகிய இரண்டும் வேண்டும்.

காபன் உருக்கு: ஏறத்தாழ 0.6 முதல் 1 வீதம் வரை காபன் கொண்ட உருக்குகள் இவ்வேலைக்கு உகந்தவை. இலகுவாகத் தீட்டலாம், நன்கு அடி தாங்கும். துருப்பிடித்தல் இதன் குறைபாடாகும். லொறிகளின் பழைய வில்லுத் தகடுகளைக் கொல்லர்கள் விரும்பி வாங்குவதற்குக் காரணம், அவை ஏறத்தாழ 0.6 வீதக் காபன் கொண்ட, அதிர்ச்சியைத் தாங்குவதற்கெனவே ஆக்கப்பட்ட உருக்காக இருப்பதாகும். எனினும் நெடுங்காலம் பயன்பட்ட தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும்.

கறையில் உருக்கு: இதில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் உண்டு. குரோமியம் ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படையை ஆக்கும். அப்படை உள்ளேயுள்ள இரும்பைக் காக்கின்றது. கடற்கரைப் பிரதேசங்களுக்கு இது வசதியானது. ஆயினும் மலிவான கறையில் உருக்குக் கத்திகள் சில விரைவில் மழுங்கும்.

அறிந்து கொள்க: உருக்கு ஆக்கும் கலை எமது நாட்டுக்குப் புதியதன்று. சமனலவெவப் பிரதேசத்தில் பருவக்காற்றைக் கொண்டே இயங்கிய பண்டைய இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவ்வுலைகளை ஒத்த உலையொன்றில் பரிசோதனை நடத்தியபோது காபன் கூடிய உருக்கைப் பெற முடிந்தது. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் இம்முடிவுகளை 1996 இல் வெளியிட்டார்.

6. வெப்பப் பரிகரிப்பு

ஒரே உருக்கிற் செய்த இரு கத்திகளில் ஒன்று வளைந்தும் மற்றது உடைந்தும் போகலாம். வேறுபாடு சூடாக்கிய முறையிலேயே உண்டு.

படி 1: அலகை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கல். 770 பாகையளவில் உருக்கு காந்தத்தால் கவரப்படும் தன்மையை இழக்கும்.
படி 2: எண்ணெயில் அல்லது நீரில் அமிழ்த்திச் சடுதியாகக் குளிரச் செய்தல். இப்போது அலகு மிகவும் வன்மையானது; ஆனால் கண்ணாடி போல் நொருங்கும்.
படி 3: 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை மீளச் சூடாக்கல். வன்மை சிறிது குறைந்து அடி தாங்கும் தன்மை கூடும்.

இதிலிருந்து ஒரு முக்கிய எச்சரிக்கையைப் பெறலாம். மின் சாணையில் கத்தியை இடைவிடாது தீட்டும்போது விளிம்பு நீல நிறமாக மாறினால், அவ்விடம் ஏறத்தாழ 300 பாகையை எட்டிவிட்டது என்பது பொருள். அப்பகுதி மென்மையாகிவிடக்கூடும். பழைய பிடியை அகற்றுவதற்குக் கத்தியை அடுப்பில் இடுவதும் இவ்வாறே அதனைக் கெடுக்கும். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டுக.

7. வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

– முதுகின் வழியே ஒரு கண்ணாற் பார்த்து, அலகு நேராக உள்ளதா என அவதானித்தல்.
– பிடியைப் பற்றி அசைத்து, ஆட்டம் உண்டா எனப் பார்த்தல்.
– குறைந்தது இரண்டு, விரும்பத்தக்கதாக மூன்று, தறையாணிகள் உள்ளனவா எனப் பார்த்தல்.
– அலகில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தல்.
– கையை நனைத்துப் பிடியைப் பற்றி, வழுக்குகின்றதா எனப் பார்த்தல்.
– உறை உண்டா எனக் கேட்டல்.

8. மாதிரி அமைப்புக் கட்டுரை வினா

கடற்கரைக் கிராமமொன்றில் வசிக்கும் குடும்பம் ஒன்று வேலி வேலைக்கும் விறகு பிளப்பதற்கும் கத்தி வாங்க விரும்புகின்றது. கடையில் மூன்று கத்திகள் உள்ளன.

கத்தி க: கறையில் உருக்கு, முதுகு 2 மில்லிமீற்றர், அலகு 25 சென்ரிமீற்றர், குட்டை வால், ஒரு தறையாணி, வழுவழுப்பான பிளாத்திக்குப் பிடி, உறை உண்டு.
கத்தி ச: காபன் உருக்கு, முதுகு 5 மில்லிமீற்றர், அலகு 18 சென்ரிமீற்றர், முழு வால், மூன்று தறையாணிகள், மரப்பிடி, உறை இல்லை.
கத்தி ட: காபன் உருக்கு, முதுகு 9 மில்லிமீற்றர், அலகு 30 சென்ரிமீற்றர், திணிவு 1.1 கிலோகிராம், காய்ச்சி ஒட்டப்பட்ட இரும்புக் குழாய்ப் பிடி, உறை இல்லை.

(i) பொருத்தமான கத்தியைத் தெரிவு செய்க.
(ii) மற்றைய இரண்டையும் தவிர்ப்பதற்கு ஒவ்வொரு காரணம் தருக.
(iii) நீர் தெரிவு செய்த கத்தியின் இரு குறைபாடுகளையும் அவற்றுக்கான பரிகாரங்களையும் எழுதுக.

விடை

(i) கத்தி ச.
(ii) க: குட்டை வாலும் ஒரே தறையாணியும் உள்ளதால் அடிக்கும்போது பிடி கழன்று அலகு வீசப்படலாம். ட: பாரமும் நீளமும் மிகையாதலால் மணிக்கட்டில் தாக்கும் திருப்பம் கூடும், ஒட்டிய இடம் முறியவும் கூடும்.
(iii) உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் – வேலை முடிந்ததும் கழுவி, ஈரம் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படை பூச வேண்டும். எண்ணெய், நீரும் ஒட்சிசனும் இரும்பைத் தொடாது தடுக்கும். உறை இல்லை – தோல் அல்லது மரத்தால் உறை செய்து கொள்ள வேண்டும்.

பரீட்சார்த்திகள் விடும் தவறு: "கடற்கரை" என்னும் சொல்லைக் கண்டவுடன் "கறையில் உருக்கு" எனக் கருதிக் கத்தி க வைத் தெரிவு செய்தல். துருவைப் பராமரிப்பினால் தடுக்கலாம். குட்டை வாலைப் பராமரிப்பினால் நீட்ட முடியாது. திருத்தக்கூடிய குறையையும் திருத்த முடியாத குறையையும் பிரித்தறிந்த பின்னரே தெரிவு செய்ய வேண்டும். கத்திக்கு மாத்திரமன்றி, தெரிவு தொடர்பான எல்லா வினாக்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

9. பாதுகாப்பு விதிகள்

– கத்தியின் வீச்சு எல்லைக்குள் எவரும் நிற்கலாகாது. சிறுவர்களை அப்பால் அனுப்புக.
– உடலுக்கு எதிர்த்திசையிலேயே வெட்டுக. வெட்டும் பொருளை ஒரு குற்றியின் மேல் வைக்குக.
– கீழே விழும் கத்தியைப் பிடிக்க முயலாதீர், காலை விலக்குக.
– பிறருக்குக் கொடுக்கும்போது உறையில் இட்டோ, கீழே வைத்தோ கொடுக்குக.
– பழக்கமில்லாதோர் பெரியவரின் மேற்பார்வையிலேயே பயன்படுத்துக.
– வேலைக்கன்றி வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லாதீர்.

10. பயிற்சி வினாக்கள்

1. கூர் விளிம்பின் தடிப்பு நான்கு மடங்காகும்போது, விசை மாறாதிருப்பின் அமுக்கத்துக்கு யாது நிகழும்?
2. புதிய கத்தியொன்று முதல் அடியிலேயே கண்ணாடி போல் உடைந்தது. வெப்பப் பரிகரிப்பின் எப்படி தவறவிடப்பட்டிருக்கலாம்?
3. கறையில் உருக்கு துருவை எதிர்ப்பதற்குக் காரணம் யாது?
4. உமது வீட்டிலுள்ள கத்தியை ஏழாம் பகுதியிலுள்ள சோதனைகளுக்கு உட்படுத்தி, பெரியவர் ஒருவரின் முன்னிலையில் அவதானிப்புகளை அட்டவணைப்படுத்துக.

விடைகள்: 1. நான்கிலொரு பங்காகும். 2. படி 3, மீளச் சூடாக்கல். 3. மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படை.

நான்காம் வினாவுக்கான விடை உங்கள் வீட்டிலேயே உண்டு. பிடியில் ஆட்டம் காணப்பட்டால் அன்றே வீட்டாருக்குத் தெரிவித்துத் திருத்திக் கொள்ளுங்கள்.