மஞ்சளை மறைத்தால் சிவப்புதான் மிஞ்சும்

மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில், மாணவர்களின் செய்முறைக் கோப்புகளை நாள்தோறும் நகலெடுக்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். விண்டோஸிலும் பாஸ் லினக்ஸிலும் அது இயங்கியது. திரையில் செய்திகள் குவிந்ததால் பதிவு நிலையை 'எரர்' என மாற்றினேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு கணினி பழுதானது. நகலைத் தேடினால், மூன்று வாரக் கோப்புகள் இல்லை! "வட்டில் இடமில்லை, நகல் எடுக்கவில்லை" என்ற செய்தியை நிரலில் நானே 'வார்னிங்' நிலையில் எழுதியிருந்தேன். ஆகவே அது பதிவாகவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் நிரல்களை மீண்டும் எழுத நேர்ந்தது.

அந்தத் தவற்றையே பாடமாக்கினேன். பைத்தானின் லாகிங் தொகுதியில் ஐந்து நிலைகள் உண்டு: டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50. நாம் அமைக்கும் எண்ணும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே பதிவாகும். எதுவும் அமைக்காவிட்டால் 30.

வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை மாணவர்கள் அறிவார்கள். "நான் மஞ்சளை மறைத்துவிட்டுச் சிவப்புக்குக் காத்திருந்தேன்" என்றதும் புரிந்துகொண்டார்கள்.

செயல்பாடு: பள்ளி நிகழ்வுகளைச் சீட்டுகளில் எழுதி நிலைவாரியாக அடுக்கச் செய்யுங்கள். 'மணி அடித்தது' 20. 'தொட்டியில் நீர் குறைகிறது' 30. 'மோட்டார் ஓடவில்லை' 40. பிறகு 40-க்குக் கீழுள்ள சீட்டுகளை அகற்றி, "தண்ணீர் தீரப்போவது யாருக்குத் தெரியும்?" எனக் கேளுங்கள்.

இப்போது என் நிரலில் திரைக்கு 30, பதிவுக் கோப்புக்கு 20. நகல் எடுக்காததை 'எரர்' ஆக்கிவிட்டேன். வெள்ளிதோறும் ஒரு மாணவர் பதிவைப் படித்துக் கையொப்பமிடுகிறார்.