கைப்பேசியா, காமிராவா?

முன்னுரை

போட்டோ என்றால் ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று மாணவர் பலர் கையில் கைப்பேசி, அதனுள்ளே காமிரா. எனினும், புகைப்படக் கலையில் நாட்டம் கொண்டோர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. தனிக் காமிரா வாங்கினால்தான் நல்ல படம் வருமா? பெற்றோர் பாடுபட்டு ஈட்டிய பணத்தைச் செலவிடுமுன் இதனை ஆராய்வது நம் கடமையாகும்.

ஒளியைச் சேர்க்கும் பரப்பு

புகைப்படம் என்பது ஒளியைச் சேர்க்கும் கலை. முன்பு பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியுணரி இருக்கிறது. 'முழுச்சட்டக் காமிரா' எனப்படும் பெரிய வகையில் அதன் அளவு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். நல்ல கைப்பேசிகள் பலவற்றில்கூட அது ஏறத்தாழ 10 மி.மீ. நீளம், 7.5 மி.மீ. அகலமே. பரப்பில் வேறுபாடு பதினொரு மடங்குக்கு மேல்! மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இக்குறையை ஈடுகட்டக் கைப்பேசி ஓர் உபாயம் செய்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, அவற்றை இணைத்து ஒன்றாக்கித் தருகிறது. படங்களை இணைக்கும் எண்ணம் புதியதன்று. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே காட்சியாக்கினார். அவர் நாடியது நீளம். கைப்பேசி நாடுவது ஒளி. ஆனால் இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: எடுக்கப்படும் பொருள் அசையக் கூடாது!

எனவே, தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களை, அனுமதி பெற்று, மங்கிய ஒளியிலும் கைப்பேசியில் ஓரளவு நன்றாகவே எடுக்கலாம். மாலை மங்கும் வேளையில் நடக்கும் கபடியை எடுத்துப் பாருங்கள். பாடி வருபவரின் கையும் காலும் கலங்கிப் போகும். அங்கே பெரிய ஒளியுணரியும், ஒளியை மிகுதியாக உள்ளே விடும் லென்ஸும் தேவை.

தூரம் என்னும் சோதனை

சிறுமலை அடிவாரத்தில், எட்டாத கிளையில் ஒரு பறவை அமர்ந்திருக்கிறது. கைப்பேசித் திரையில் விரலால் நான்கு மடங்கு பெரிதாக்குகிறோம். தூரத்தை எட்டும் தனி லென்ஸ் அக்கைப்பேசியில் இல்லையேல், உண்மையில் நடப்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பதே. நீளத்தில் நான்கில் ஒன்று, அகலத்தில் நான்கில் ஒன்று. ஆக, மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. 48 மெகாபிக்சல் 3 ஆகிவிடுகிறது. காமிராவில் நீண்ட லென்ஸைப் பொருத்தினாலோ, ஒளியுணரி முழுவதிலும் பறவையின் உருவத்தைப் பெரிதாக விழச் செய்யலாம். இங்கே காமிராவுக்கே வெற்றி.

கருவி தராதது

நம் மலைக்கோட்டையை நண்பகலில் எடுத்தால் பாறை தட்டையாகத் தோன்றும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் அதன் மேடுபள்ளங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். இந்த வேறுபாட்டை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. நேரமறிந்து காத்திருக்கும் பொறுமை இரு கருவிக்கும் பொது.

முடிவுரை

பறவை, விளையாட்டு, திருமணம் ஆகியவற்றைப் படமெடுப்பதில் ஈடுபாடோ, அதையே பிழைப்பாக்கும் எண்ணமோ உடையவர் காமிராவை நாடலாம். அவரும் முதலில் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பழகுவது நலம். லென்ஸுக்கு ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நண்பர்கள், ஊர், கோட்டை, கல்லூரி விழா ஆகியவற்றைப் பதிவுசெய்ய விரும்புவோருக்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். எடுத்த படங்களை வேறோர் இடத்திலும் பிரதியெடுத்து வைக்க மறவாதீர்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. விளம்பரம் சொல்வதைக் கேட்டன்று, எடுக்க விரும்பும் பொருளின் ஒளி, தூரம், அசைவு ஆகிய மூன்றையும் பார்த்தே கருவியைத் தேர்வோமாக!