கடல் கடந்து வரும் மொத்தக் கொள்முதல் கடிதங்கள்: வணிகர் கவனத்துக்கு



இணையம் வழியே சரக்கு விற்கத் தொடங்கிய பிறகு, முன்பின் தெரியாத வெளிநாட்டவரிடமிருந்து மொத்தக் கொள்முதல் கோரிக்கைகள் நம்மில் பலருக்கும் வருகின்றன. எல்லாவற்றையும் நம்பினால் முதலுக்கே மோசம். எல்லாவற்றையும் ஒதுக்கினால் நல்ல ஏற்றுமதி வாய்ப்பு கைநழுவும். ஆகவே இனம் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் வியாபாரத்தை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம்.

1. கேள்வியைக் கவனியுங்கள்: மஞ்சள் வாங்குபவர் விரலியா கிழங்கா, குர்குமின் எத்தனை சதவீதம், ஈரப்பதம் எவ்வளவு, எந்தத் துறைமுகம் வரை விலை என்று கேட்பார். பேரமும் பேசுவார். "20 டன் உடனே வேண்டும், விலை சம்மதம், கிரெடிட் கார்டு வாங்குவீர்களா?" என்று மட்டும் எழுதுபவருக்குச் சரக்கில் அக்கறை இல்லை. மண்டியில் பேரம் பேசாமல் மூட்டை தூக்குபவரைக் கண்டால் நாம் யோசிப்போம் அல்லவா? இங்கும் யோசிக்க வேண்டும்.

2. பணம் போகும் திசையைக் கவனியுங்கள்: "சரக்கு விலையோடு கப்பல் கூலியையும் கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள், கூலியை எங்கள் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பது பழைய தந்திரம். கார்டு திருட்டுக் கார்டாக இருக்கும். உண்மையான சொந்தக்காரர் புகார் செய்தால், வாரங்கள் கழித்தும் வங்கி முழுத் தொகையையும் நம் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துவிடும். ஏஜெண்டுக்கு நாம் அனுப்பியது வராது. பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம் என்று முன்கூட்டிக் கேட்பதும் இதே ரகம். வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்பது எந்த ஊர் வழக்கம்?

3. நகல் பணமாகாது: ஸ்விஃப்ட் ரசீது என்று மின்னஞ்சலில் வரும் படத்தை நம்பிச் சரக்கை ஏற்ற வேண்டாம். தொகை கணக்கில் சேர்ந்ததா என்பதை நம் வங்கிதான் சொல்ல வேண்டும். எல்.சி.யும் அப்படியே. அது நம் வங்கி வழியாக வந்து, உண்மைதான் என்று வங்கி உறுதி செய்த பிறகே செல்லும்.

4. ஆவணங்களில் எச்சரிக்கை: 2022-இல் வியட்நாம் ஏற்றுமதியாளர்கள் தரகர் மூலம் இத்தாலிக்கு முந்திரி அனுப்பினார்கள். ஆவணங்கள் வங்கி வழியாகவே போயின. ஆனாலும் 30-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களின் அசல் ஆவணங்கள் கைமாறிவிட்டன. அசல் பில் ஆஃப் லேடிங் யார் கையில் உள்ளதோ அவர் சரக்கைக் கேட்கலாம். அந்நாட்டு அரசும் தூதரகமும் முயன்று, பெரும் பாடுபட்டே சரக்கை மீட்டார்கள். புதியவரிடம் முன்பணமோ, நல்ல வங்கியின் எல்.சி.யோ இல்லாமல் கப்பல் ஏற்றக் கூடாது என்பதே இதில் பாடம்.

5. விசாரணை: கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் எண்ணை நாமே தேடிப் பேச வேண்டும். பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறிய மின்னஞ்சல் முகவரிகள் உண்டு, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மத்திய அரசின் ஈ.சி.ஜி.சி. நிறுவனம் 1957 முதல் ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு அளிக்கிறது. காப்பீடு கோரினால் வாங்குபவரின் நிலையையும் பார்க்கும். மாதிரிச் சரக்கின் கூரியர் செலவை வாங்குபவரே ஏற்கட்டும். முதல் ஆர்டர் சிறியதாக இருக்கட்டும்.

6. ஏமாந்துவிட்டால்: வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கும் நம் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இத்தனை கேட்டால் நல்ல வியாபாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். அவரும் நம்மைப் பற்றி இப்படித்தான் விசாரித்துக்கொண்டிருப்பார். சந்தேகமான கடிதம் வந்தால், பதில் எழுதும் முன் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். ஒருவருக்கு வந்தது நாளை அடுத்த கடைக்கும் வரும்.