எச்சரிக்கை மணியும் மருத்துவர் மதியும்

மருந்தின் நன்மையும் தீமையும் அதன் அளவைப் பொறுத்தன என்பது நம் நாட்டு வைத்தியரும் மேனாட்டு வைத்தியரும் ஒருங்கே ஒப்பிய உண்மையாம். இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவர் மருந்துச் சீட்டைக் கையால் எழுதாது கணினியிற் பதிகின்றனர். அளவு மிகினும், ஒவ்வாத மருந்துகள் இரண்டு சேரினும், கணினி உடனே திரையில் எச்சரிக்கை காட்டும். ஆயினும் அவ்வெச்சரிக்கைகளுட் பலவற்றை மருத்துவர் தள்ளிவிடுகின்றனர். 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, நூற்றுக்கு 49 முதல் 96 வரை இங்ஙனம் தள்ளப்படுகின்றன என உரைத்தது. இதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தள்ளுதல் எல்லாம் பிழையன்று. இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்க்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்தே அளிப்பர். இரத்தக்கசிவு மிகலாம் எனக் கணினி எச்சரிக்கும். மருத்துவர் அதனை அறிந்தே, குழாய் அடைபடுதலாகிய பெருந்தீங்கை விலக்கும்பொருட்டுக் கொடுக்கின்றார். இத்தகைய எச்சரிக்கைகள் நாள்தோறும் பல வருமாயின், படித்துப் பாராமலே தள்ளுதல் கைப்பழக்கமாய்விடும். நம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலைச் சங்கு அற்பக் காரணங்களுக்கெல்லாம் நாளைக்கு நூறு முறை ஊதுமாயின், மெய்யாகவே தீப்பற்றிய நாளில் எவர் எழுந்து ஓடுவர்?

அத்தகைய நாள் ஒன்று 2013-இல், அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் வந்தது. 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உரியது 160 மில்லிகிராம் அளவுள்ள செப்ட்ரா மாத்திரை ஒன்றே. மருத்துவர் 160 எனப் பதிந்தார். கணினியோ உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 160 எனக் கொண்டது. மாத்திரை 38½ ஆயிற்று! எச்சரிக்கை தோன்றியது, அற்ப மிகைக்குத் தோன்றுவது போலவே இதுவும் தோன்றிற்று, மருத்துவர் தள்ளினார். மருந்தாளரும் தள்ளினார். யந்திரம் பொட்டலமிட்டது. செவிலியர் வியந்தார்; ஆயினும் பட்டைக்குறி படிக்கும் கருவி சரியென்றமையால் கொடுத்தார். சிறுவன் கடும் வலிப்புற்று, அரிதின் உயிர் பிழைத்தான். இவ்வரலாற்றை அம்மருத்துவமனைப் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் 2015-இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

இதனால் நாம் அறியற்பாலன இரண்டு. எச்சரிக்கையைப் பெருக்குதல் காவலன்று. அற்பமானவற்றை நீக்கி, உயிர்க்கு இறுதி பயப்பனவற்றை வேறுபடக் காட்டி, காரணம் எழுதாது கடக்கவொண்ணாதபடி நிறுத்துதலே காவல். அன்றியும், ஐயம் தோன்றியவிடத்து வாய் திறந்து வினவுதல் அனைவர்க்கும் கடன். மருத்துவமும் மருந்தியலும் செவிலியர் கல்வியும் பயிலப்புகும் நம் மாணாக்கர், தம்மின் மூத்தாரையும் "இவ்வளவு எதற்கு?" என்று பணிவோடு வினவும் துணிவை இன்றே பழகுவாராக.