புகையானை அறிவோம்

கிள்ளானுக்கு வடக்கே, தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரங்களில் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளுள் ஒன்று புகையான். மலாய்மொழியில் இது 'பெனா பேராங்' எனப்படும். பழுப்பு நிறமுடைய இப்பூச்சி ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பின்னங்காலில் அசையும் முள் ஒன்று உண்டு. பச்சைத் தத்துப்பூச்சிக்கு அம்முள் இல்லை.

புகையான், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தண்டின் அடிப்பகுதியில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். ஆகவே, மேலிருந்து பார்ப்போருக்கு எளிதில் புலப்படாது. பயிர் வட்ட வட்டமாகக் கருகிய பின்னரே பலர் அதனை அறிவர்.

அஞ்சி, கண்டபடி பூச்சிக்கொல்லி தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகளும் மடியும். புகையானோ முன்னிலும் பெருகக்கூடும். எனவே, தண்டின் அடியைத் தட்டிப் பார்த்து, பூச்சியை இனங்கண்ட பின்னரே செயல்பட வேண்டும்.