தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியா? தோட்டாவின் நீளத்தைப் பாருங்கள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பரம்பரையாக வந்த 12 போர் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு:

1. குழல்களைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் படியுங்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.தான், இன்று பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா.

2. ‘உள்ளே போகிறதே’ என்று நம்பிச் சுடாதீர்கள். பெட்டியில் போட்டிருப்பது, வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். வாய் மடிந்திருக்கும்போது 70 மி.மீ. தோட்டாவும் சிறிய அறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். சுட்டதும் விரியும் வாய், குழல் குறுகும் இடத்தை நெருக்கும்; அழுத்தம் எகிறும். குழல் கிழிந்தால் பிடித்திருக்கும் கையே போகலாம்.

3. முத்திரை புரியவில்லையா? உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அளக்கச் சொல்லுங்கள். அம்பத்தூர் லேத் பட்டறையில் கொடுத்து அறையைக் கடையவே கூடாது. குழல் மெலியும், உரிமமில்லாத இடத்தில் துப்பாக்கி வேலை பார்ப்பது குற்றமும்கூட.

4. குழலில் நெளிநெளியாக வரிகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். சுடாதீர்கள், உள்ளே அரித்திருப்பது வெளியே தெரியாது.

5. உரிமதாரர் இறந்துவிட்டால் உடனே காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். வாரிசுக்குத் தனி உரிமம் வேண்டும். இந்தப் பகுதிகளுக்கு 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகம், அங்கே கேளுங்கள்.